புதூர்ப் பெண்ணைப் பொன்மலைக்குக் கொடுத்த கதை

கூடைப்பந்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததுதான். மூக்குக் கண்ணாடியில் நாடா கோத்துத் தலைக்குப் பின்னால் முடிந்துகொண்டு, கடைசி ஓரத்தில், யாருக்காவது கால் பிசகினால் எழுந்திருக்கலாம் என்று இரண்டு சீசன் உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் பிசகவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவளுக்கு ஆட்டம் முழுதாகத் தெரியும். யார் யாருக்குப் பந்து கொடுப்பதில்லை, யார் ஒரு ஃபவுல் வாங்கியதும் சுருண்டுவிடுகிறாள், யார் களைத்துப்போய் ஷூ லேஸ் கட்டுகிற மாதிரி குனிகிறாள், எல்லாம் தெரியும். தெரிந்ததை இடைவேளையில் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. ஒருநாள் எங்கள் கிளப் செயலாளர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, நீ ஆடவும் வேணாம், உக்காரவும் வேணாம். மேனேஜரா இருந்துக்க. பேசறதுக்காவது ஒரு போஸ்ட் இருக்கட்டும்."

அப்படித்தான் கல்லூரி இரண்டாம் ஆண்டில், எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியின் மேனேஜர் ஆனேன். பாலக்கரைப் பக்கம் ஒரு சர்ச் மைதானத்தில் சிமெண்ட் தரை, வலை இல்லாத வளையம், பலகையில் பெயர்ந்த வெள்ளை பெயிண்ட்: அதுதான் எங்கள் சாம்ராஜ்யம். செயலாளருக்கு மலைக்கோட்டைக்குக் கீழே சந்துக்குள் துணிக்கடை. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, கல்லூரி முடிந்ததும் மைதானம், மைதானம் முடிந்ததும் மறுபடி ஒன்றாம் நம்பர் என்று நான் அலைந்த அலைச்சலைப் பார்த்து, வீட்டில் அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்பாள்: "ஏண்டி, அங்கே ஆடறவா எல்லாரும் ஆத்துக்குப் போயாச்சு. ஆடாத நோக்கென்னடி அப்படி வேலை?"

என்ன வேலை என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. தெப்பக்குளம் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த வெளிநாட்டு விளையாட்டுப் பத்திரிகை ஒன்று கிடைத்த பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஆபீஸ் உண்டாம். டை கட்டிய ஆட்கள், பந்தைத் தொடவே தொடாதவர்கள், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எந்த ஆட்டக்காரரை வளர்ப்பது, யாரை யாருக்கு எதிராகப் போட்டியில் நிறுத்துவது, யாரைக் கொடுத்து யாரை வாங்குவது என்று முடிவு செய்வார்களாம். பந்தைத் தொடாதவர்களுக்கு ஓர் ஆபீஸ்! பஸ்ஸில் நின்றபடியே அந்தக் கட்டுரையைப் படித்து, அம்மாமண்டபத்தில் இறங்க வேண்டியவள் ராஜகோபுரம் வரை போய்விட்டேன்.

எங்களுக்கு அப்போது ஒரு சிக்கல் இருந்தது. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி ஆட்டத்தை நடத்துகிற இடத்துக்குக் 'கார்டு' என்று பெயர். அந்த ஓர் இடத்துக்கு எங்களிடம் இரண்டு நல்ல ஆட்கள். ஒருத்தி எங்கள் கேப்டன். கிராப்பட்டிக்காரி, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், ஒரு நிமிஷம்கூட வெளியே உட்கார மாட்டாள். இன்னொருத்தி அவளைவிட ஆறேழு வயது சின்னவள், ப்ளஸ் டூ முடித்தவள், இடதுகைக்காரி. எடமலைப்பட்டி புதூரிலிருந்து வருவதால் அவளை எல்லோரும் 'புதூர்' என்றே கூப்பிடுவோம். பயிற்சியில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தடுக்கிறபோது மற்ற எட்டுப் பேரும் ஆடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்போம். ஆனால் மேட்ச் என்று வந்தால் கேப்டன் உள்ளே, புதூர் என் பக்கத்தில். நாங்கள் நிறையப் புள்ளிகள் முன்னால் இருந்தால், கடைசியில் கொஞ்ச நேரம் அவளை இறக்குவார்கள்.

அந்த வருஷம் ஒரு செய்தி பரவியது. ஊருக்கு வெளியே இருந்த ஒரு பெரிய தொழிற்சாலை பெண்கள் அணி சேர்க்கப்போகிறது. டிசம்பரில் மாவட்டப் போட்டியைப் பார்க்க ஆள் வருவார். பிடித்தவர்களை விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

புதூர் என் காதருகே சொன்னாள்: "அக்கா, அப்பா பொங்கல் வரைக்கும்தான்னு சொல்லிட்டாரு. அதுக்குள்ள வேலை ஏதாவது வந்தா சரி. இல்லேன்னா மண்ணச்சநல்லூர்ல மாமா ரைஸ் மில்லுக்குப் போகணும். மூட்டை எடை போடறதைப் பாத்துக்கணுமாம்."

"ஆட்டம்?"

"மில்லுல எங்கக்கா ஆட்டம்? தவிடுதான் ஆடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் பெஞ்சில் இருப்பவளைத் தேர்வுக்காரர் எப்படிப் பார்ப்பார்? டிசம்பரில் அவள் உள்ளே இருக்க வேண்டும். எங்கள் அணியில் அது நடக்காது.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே இந்த விஷயத்தில் ஒரு கண் உண்டு. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் பெருமாள் புறப்பாடு வரும்போது மற்றவர்கள் பெருமாளைச் சேவிப்பார்கள். நான் பல்லக்குத் தண்டுக்குக் கீழே இருக்கும் தோள்களைப் பார்ப்பேன். உயரம் பார்த்து, இந்தத் தோளுக்கு அந்தத் தோள் என்று இணை சேர்த்து நிறுத்தியிருப்பார்கள். கூடவே மாற்று ஆட்கள் வெறுங்கையோடு நடந்து வருவார்கள். திருப்பத்தில் சட்டென்று ஒருவர் விலக, இன்னொருவர் நுழைவார். பெருமாள் ஓர் அங்குலம்கூட அசைய மாட்டார். நான்கு வீதியும் சுற்றியும் ஒரு திருப்பத்தில்கூட நுழைய இடம் கிடைக்காமல் போன மாற்று ஆளின் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். புதூரின் முகம் மேட்ச் முடிந்ததும் அப்படித்தான் இருக்கும்.

துணிக்கடைக்குப் போய் செயலாளரிடம் பத்திரிகையைப் பிரித்து வைத்தேன். "சார், டிரேட் பண்ணலாம்."

"என்ன பண்ணலாம்?"

"பொன்மலை கிளப்ல மூணு உயரமான பொண்ணுங்க இருக்காங்க. மூணாவது ஆளு பெஞ்சுல சும்மா உக்காந்திருக்கா. அவங்களுக்குக் கார்டே கிடையாது. நாம புதூரைக் கொடுத்துட்டு அந்த நெட்டையை வாங்கிக்கலாம்."

அவர் ஒரு வேட்டியை மடித்து முடித்தார். "தீபாவளிக்கு முன்னாடி எவனாவது நல்ல சரக்கைத் தூக்கி எதிர்க்கடைக்குக் கொடுப்பானாம்மா?"

"தீபாவளி முடிஞ்சும் அலமாரியிலேயே இருந்தா என்ன சார் பண்ணுவீங்க? தள்ளுபடிதானே போடுவீங்க?"

"அவ நம்மகிட்ட இருக்கறவரைக்கும் இன்னொருத்தன் டீம்ல இல்லை. அதுவே நமக்கு லாபம்."

இதுதான் அன்று எங்கள் ஊர் கிளப்புகளின் வழக்கம். நல்ல ஆளை அமுக்கி வைத்துக்கொள்வது. ஆட வைக்காவிட்டாலும் பரவாயில்லை, எதிரிக்குப் போகக் கூடாது. செயலாளர் கெட்டவர் இல்லை. யாருக்காவது கணுக்கால் வீங்கினால் தன் சைக்கிளில் உட்காரவைத்து வைத்தியரிடம் தள்ளிக்கொண்டு போகிறவர். ஆனால் ஆட்டக்காரிகள் விஷயத்தில் மொத்த வியாபாரி.

"போன வருஷம் எதுல சார் தோத்தோம்?" என்றேன்.

அவர் முகம் மாறியது. வளையத்தில் பட்டுத் திரும்பி வந்த பந்தையெல்லாம் எதிரணி நெட்டைகள் எங்கள் தலைக்கு மேலேயே பறித்துக்கொண்டதை அவர் மறக்கவில்லை. அன்று மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் வலித்தது எங்களுக்கு.

"கேட்டுப் பாரு," என்றார் கடைசியில். "ஆனா நான் கேட்டதா இருக்கக் கூடாது."

பொன்மலை செயலாளர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். மாலைச் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் வெள்ளமாகப் பாய்ந்து வர, அதில் ஒன்றை ஓரம் கட்டி அவர் இறங்கினார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பொண்ணு அஞ்சடி ரெண்டு. எங்க பொண்ணு அஞ்சடி ஒன்பது. மிச்சம் ஏழு இஞ்சுக்கு என்ன தர்றீங்க?"

"வேகத்தை எந்த ஸ்கேல்ல சார் அளக்கறது?"

"அதெல்லாம் காலேஜ் பேச்சு. எங்க ஜெர்சியெல்லாம் சாயம் போயிடுச்சு. உங்காளு துணிக்கடைதானே வச்சிருக்காரு?"

பன்னிரண்டு ஜெர்சிக்கான துணியைச் சேர்த்துக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது. அன்று வீட்டில் நான் சந்தோஷம் தாங்காமல் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்ல, அவள் கரண்டியோடு திரும்பினாள். "பொண்ணைக் குடுத்து, பொண்ணை எடுத்து, சீரும் பேசி முடிச்சுட்டியா? பேஷ்! பந்தாட்டம்னு சொல்லிட்டு தரகு வேலைன்னா பார்க்கறே!"

மாவட்டச் சங்கத்தில் பெயர் மாற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. இரண்டு கிளப் செயலாளர்களும் ஒன்றாக வர வேண்டும். போகிற ஆட்டக்காரி பழைய ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். சங்கத்துக்காரர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "மனஸ்தாபம் ஒண்ணும் இல்லையே?" என்பார். இல்லை என்றால் முடிந்தது. அதற்கப்புறம் அந்த சீசன் முடியும்வரை மாற்ற முடியாது. புதூர் எங்கள் நீல ஜெர்சியைக் கொடுத்தாள். நெட்டை, பத்தாம் வகுப்புப் படிக்கிற கூச்ச சுபாவமுள்ள பெண், குனிந்தபடியே தன்னுடையதைக் கொடுத்தாள். மனஸ்தாபம் இல்லை என்று சொன்னோம். எல்லோரும் காபி குடித்தோம். டை கட்டாத குறைதான் எனக்கு.

மறுநாள் மாலை புதூர் எங்கள் மைதானத்து வாசலில் தாவணியில் நின்றுகொண்டிருந்தாள்.

"பொன்மலைக்குப் போகலையா?"

"அம்மா வேணாம்னுட்டாங்கக்கா." "பொன்மலையிலேருந்து ஜங்ஷன் வந்து, அங்க பஸ் மாறி, புதூர் வரணும். இருட்டிடும். கூட யாரு வருவான்னு கேக்கறாங்க."

அப்போதுதான் உறைத்தது. அவளை அவள் அம்மா ஆட விட்டதே கேப்டனை நம்பித்தான். தினமும் பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே பஸ். கிராப்பட்டியில் இறங்க வேண்டிய கேப்டன், இறங்காமல் புதூர் வரை போய், வீட்டு வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி நடப்பாள். உயரம் பார்த்தோம், இடம் பார்த்தோம், ஜெர்சித் துணிவரைக்கும் பேசினோம். மூன்று பேர் உட்கார்ந்து முடிவெடுத்த இந்தப் பெரிய பேரத்தில், பயிற்சி முடிந்தால் பெண் எப்படி வீடு போய்ச் சேருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் படித்த பத்திரிகையில் அது எழுதியிருக்கவில்லை. அந்த ஊரில் எல்லோரிடமும் கார் இருந்திருக்கும்.

அதற்குள் நெட்டையின் அப்பா சைக்கிளில் வந்து இறங்கினார். "மன்னிச்சுக்குங்கம்மா. தினம் பாலக்கரைக்கு அனுப்ப முடியாதுங்க. பத்தாவது படிக்குது. ரயில்வே காலனிக்குள்ளன்னாதான் விடுவேன்."

ஆக, எங்களுக்குக் கொடுத்த நெட்டை எங்களிடம் வர முடியாது. அவர்களுக்குக் கொடுத்த புதூர் அவர்களிடம் போக முடியாது. திருப்பி மாற்றவும் முடியாது. முன்பாவது அவள் ஓர் அணியின் பெஞ்சில் இருந்தாள். என் கெட்டிக்காரத்தனத்தால் இப்போது அதுவும் இல்லை. பொங்கலுக்கு இரண்டரை மாதம்கூட இல்லை.

செயலாளர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "துணியைக்கூட வெட்டிக் கொடுத்துட்டேனேம்மா."

கேப்டன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஒற்றை ஆளாக வளையத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை? மேட்ச் அவங்களுக்கு ஆடட்டும். பிராக்டீஸ் இங்கயே பண்ணட்டும். நான் வழக்கம்போலக் கூட்டிட்டுப் போறேன்."

செயலாளர் துள்ளி எழுந்தார். "என்னம்மா பேசறே? எதிர் டீமுக்கு நாமளே டிரெயினிங் குடுக்கறதா?"

"அவளைத் தடுக்காம நான் வேற யாரைத் தடுத்துப் பழகறது சார்? உங்களையா?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். செயலாளரும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

அன்றே நான் பொன்மலைக்கு ஓடினேன். நெட்டை காலனிக்குள்ளேயே பயிற்சி செய்யட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு அணியும் சேர்ந்து, ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே ஆடலாம் என்றேன். பொன்மலை செயலாளர் நெற்றியைச் சொறிந்தார். "நான் பாத்த வரைக்கும் கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு அம்மா வீட்டுலயே இருக்கறது இந்த ஊர்ல இதான் முதல் தடவை," என்றார். ஆனால் சரி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல நான் எதையும் ரசித்ததில்லை. முதல் வாரம் பொன்மலைப் பெண்களுக்குப் புதூர் பந்து கொடுத்தால் அது அவர்கள் மூக்கில் போய் மோதியது. அவ்வளவு வேகம் அவர்களுக்குப் பழக்கமில்லை. "ஏய், பந்து போடறியா, கல்லு வீசறியா?" என்று ஒரு நெட்டைக்காரி கத்தினாள். புதூர் மெதுவாகக் கொடுக்கக் கற்றாள். அவர்கள் வேகமாக வாங்கக் கற்றார்கள். எங்கள் பக்கம் வந்த சின்ன நெட்டை முதலில் பேசவே மாட்டாள். ஒரு ஞாயிறு வளையத்தில் பட்டு வந்த பந்தை இரண்டு கையாலும் உயரத்திலேயே பிடித்து, முழங்கையை அகட்டி நின்று, "யாராவது வாங்கிக்குங்களேன்!" என்று அலறினாள். அன்றிலிருந்து அவள் எங்கள் ஆள். வார நாட்களில் எங்கள் மைதானத்தில் கேப்டனும் புதூரும் முன்னைவிட மோசமாக மோதிக்கொண்டார்கள். ஒரே அணியில் இருந்தவரை ஒருவருக்கொருவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் வந்தது. அரையிறுதியில் எங்களுக்கு எதிராக யார் வருவார்கள்? பொன்மலைதான் வந்தது.

மத்தியான வெயில் இறங்குகிற நேரம். சபாரி சூட் போட்ட ஒருவர் பூவரச நிழலில் நாற்காலி போட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலைக்காரர் அவர்தான் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. இரண்டு செயலாளர்களும் அவருக்குத் தனித்தனியாகச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் எங்கள் அணி மேனேஜர். எங்கள் அணி ஜெயிக்க வேண்டும். புதூர் நன்றாக ஆட வேண்டும். இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

முதல் பாதி முழுக்கக் கேப்டன் அவளை அசையவிடவில்லை. இடப் பக்கம் பாய்ந்தால் அங்கே நின்றாள், போக்குக் காட்டினால் நகரவே இல்லை. சபாரி சூட்காரர் கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். சின்ன நெட்டை எங்களுக்காகப் பந்தாகப் பறித்துக் கொடுத்தாள். செயலாளர் என் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா? சாவியும் நம்மது, பூட்டும் நம்மது."

இரண்டாம் பாதியில் புதூர் ஒரு வேலை செய்தாள். கேப்டனைத் தாண்டிப் போக முயற்சிப்பதையே விட்டுவிட்டாள். பந்தோடு ஓரத்துக்கு ஒதுங்கினாள். கேப்டனும் கூடவே ஒதுங்கினாள். நடு காலியானதும் அந்தப் பழைய கல்வீச்சு, உயரத்தில். பொன்மலை நெட்டை ஒருத்தி அதை எம்பிப் பிடித்து உள்ளே போட்டாள். மறுபடி. மறுபடியும். ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையும் அந்தப் பந்துகளில் இருந்தன. சபாரி சூட்காரரின் கை கடலைப் பொட்டலத்துக்குள்ளேயே நின்றுவிட்டது.

கடைசியில் அவர்கள் ஒரே ஒரு புள்ளி முன்னால். பந்து எங்கள் கேப்டன் கையில். ஒரு கூடை போட்டால் நாங்கள் ஃபைனலில். கேப்டன் தட்டிக்கொண்டு வந்தாள், திரும்பினாள், அந்தத் திருப்பத்தில் ஓர் இடதுகை நுழைந்து பந்தைத் தட்டிவிட்டது. விசில் ஊதியபோது புதூர் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தாள்.

"துணியும் குடுத்து, பொண்ணையும் குடுத்து..." என்று ஆரம்பித்த செயலாளர் முடிக்கவில்லை. சபாரி சூட்காரர் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"அந்த லெஃப்ட் ஹேண்ட் பொண்ணு எந்த கிளப்பு?"

"எங்க பொண்ணுங்க சார்!" என்றார்கள் இரண்டு செயலாளர்களும் ஒரே நேரத்தில்.

அவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். "ஆடறது பொன்மலைக்கு சார், வளர்ந்தது இங்க," என்றேன். திங்கட்கிழமை காலை அவளைத் தொழிற்சாலை மைதானத்துக்குக் கூட்டி வரச் சொன்னார்.

அன்றும் வழக்கம்போல அதே பஸ்தான். ஜெயித்தவள் ஜன்னலோரம், தோற்றவள் பக்கத்தில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நான். அவள் அம்மாவிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று நானும் ஏறியிருந்தேன். ஜங்ஷன் தாண்டி, பாலம் ஏறி இறங்கியதும் கேப்டன் அவள் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கடைசிப் பந்து. நான் எப்படித் திரும்பப் போறேன்னு எப்படிடி தெரிஞ்சுது?"

"சொல்ல மாட்டேன்க்கா."

"அடிக் கழுதை! தினம் பஸ்ஸுல கூட்டிட்டு வர்றது யாரு?"

"திரும்பறதுக்கு முன்னாடி உதட்டைக் கடிப்பீங்க."

கேப்டன் கொஞ்ச நேரம் அவளை முறைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கிராப்பட்டி வந்தது, இறங்கவில்லை.

வாசலில் நின்ற புதூரின் அம்மாவிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் கேட்டது வேலை என்ன என்று இல்லை. "அவ்வளவு தூரம் எப்படிம்மா போய்வருவா?" இந்தத் தடவை நான் விசாரித்து வைத்திருந்தேன். "தொழிற்சாலை பஸ்ஸே ஜங்ஷன் வரைக்கும் வருதும்மா. லேடீஸ் நிறையப் பேர் அதுலதான் வர்றாங்க." கேப்டன், "திங்கக்கிழமை நான் லீவு போட்டுட்டுக் கூடப் போறேன்," என்றாள். அம்மா எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்க, தோசை ஊத்தறேன்," என்றார்.

பொங்கலுக்குப் புதூர் மண்ணச்சநல்லூர் போகத்தான் செய்தாள், ஒரே ஒரு நாள். வேலை கிடைத்துவிட்டது, வர முடியாது என்று மாமாவிடம் தானே சொல்லிவிட்டு வரப் போனாள். அவர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தவள், திரும்பும்போது மில்லில் அரைத்த புது அரிசி ஒரு சாக்கோடு வந்தாள். அதில் கொஞ்சம் எனக்கும் வந்தது. என் அம்மா அதைக் கையில் அள்ளிப் பார்த்து, "தரகுக் கூலி பரவாயில்லையே," என்றாள்.

அடுத்த சீசன் தொடங்குவதற்குள் செயலாளர் கடைக்குக் கூப்பிட்டனுப்பினார். கல்லாவை மூடிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேனேஜரம்மா, அந்தத் தொழிற்சாலை டீம்ல பெஞ்சுல யாராவது சும்மா உக்காந்திருக்காங்களான்னு நம்ம புதூரைக் கேட்டுச் சொல்லேன். அப்படியே அந்தப் பொண்ணு வீடு எந்தப் பக்கம்னும் கேட்டுக்க."